தவக்காலத்துக்கு ஊதா என்று யார் சொன்னது? பூசை உடுப்பு நிறங்கள் பற்றி ஓர் இழை

கேள்வி, 14 பிப்ரவரி 2024, காலை

இன்று திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. கடைத்தெரு முழுக்கக் காதலர் தினச் சிவப்பு, கோயிலுக்குள் ஊதா. மறைக்கல்வியில் வெள்ளை தூய்மை, சிவப்பு இரத்தம், பச்சை நம்பிக்கை, ஊதா தவம் என்று மனப்பாடம் செய்தோம். ஒன்றுதான் கேட்கிறேன். இது பைபிளில் எங்கே இருக்கிறது? மோசேக்குக் கடவுள் சொன்னதா, யாரோ பின்னால் சேர்த்ததா?

14 பிப்ரவரி, இரவு

பைபிளில் இல்லை.

நிறங்கள் இருக்கின்றன. யாத்திராகமம் 28-இல் ஆரோனின் உடுப்புக்குப் பொன், நீலம், ஊதா, சிவப்பு, மெல்லிய வெண்ணூல் எல்லாம் வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே உடுப்புக்குள் நெய்யப்பட்டவை. இந்த மாதத்துக்கு இது, அந்த மாதத்துக்கு அது என்ற கணக்கு கிடையாது. இன்னொரு விஷயம், வருஷத்தின் மிகப் புனிதமான பாவப்பரிகார நாளில் தலைமைக் குரு அந்த ஜிகுஜிகு உடுப்பைப் போட்டுக்கொண்டு மகா பரிசுத்த இடத்துக்குள் போகக் கூடாது. சாதாரண சணல்நூல் சட்டைதான். லேவியராகமம் 16-இல் பாருங்கள்.

கிறிஸ்தவர்களுக்கும் முதல் பல நூற்றாண்டுகள் நிறப் பட்டியல் எதுவும் இல்லை. இப்போது சாமியார் மேலே போடும் பெரிய அங்கி, ரோமாபுரியில் ஜனங்கள் மழைக்கும் பயணத்துக்கும் போர்த்திக்கொண்ட போர்வையின் வாரிசு. ஊர் ஃபேஷன் மாறியது, சாமியார்கள் மாறவில்லை, அது புனித உடுப்பாகிவிட்டது. அவ்வளவுதான்.

ரோமில் என்ன நடக்கிறது என்று ஒழுங்காக எழுதிவைத்தவர் லோத்தாரியோ என்ற கர்தினால். 1198-இல் மூன்றாம் இன்னசென்ட் என்ற பெயரில் பாப்பரசர் ஆனவர். அதற்கு முன்பே எழுதிவிட்டார். அவர் கணக்கில் முக்கிய நிறங்கள் நான்கு: வெள்ளை, சிவப்பு, கருப்பு, பச்சை. தவக்காலத்துக்குக் கருப்பு! ஊதா, கருப்பின் சொந்தக்காரனாக ஓரமாக நிற்கிறது. 1570-இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட பூசைப் புத்தகத்தில்தான் ஐந்து நிறங்களும் சட்டமாகின்றன.

எனக்கு இதெல்லாம் ஏன் தெரியும் என்றால் அப்பா தையல்காரர். சட்டை, பாவாடையோடு சுற்று வட்டாரப் பங்குகளுக்குப் பூசை உடுப்பும் தைத்தார். நான் பூசைக்கு உதவி செய்த பையன். தைத்ததும் தெரியும், மடித்து வைத்ததும் தெரியும்.

15 பிப்ரவரி

“அப்படியானால் எல்லாம் மனிதன் கட்டிவிட்டது, தூக்கிப் போடலாமே” என்று ஒருவர். தூக்கிப் போடச் சொல்லவில்லை. பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுகிறோம், எந்த வேதத்தில் இருக்கிறது என்று பார்த்தா கட்டுகிறோம்?

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. நிறச் சட்டம் இறுகுவதற்கு முன்னால் பல கோயில்களில் இருந்த வழக்கம் ரொம்ப எளிது. பெரிய திருநாளா, இருப்பதிலேயே நல்ல உடுப்பு. நிறம் எதுவானாலும் சரி. இன்றைய கத்தோலிக்க விதியிலும் இதன் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருவிழா நாளில் அன்றைய நிறமாக இல்லாவிட்டாலும் விலையுயர்ந்த உடுப்பைப் போடலாம். அப்பாவுக்கு இந்த விதி தெரியாது, ஆனால் அவர் கணக்கும் அதேதான். “சரிகை வைச்சது கிறிஸ்துமஸுக்கு, வைக்காதது மத்ததுக்கு.”

19 பிப்ரவரி

பச்சை. நம்பிக்கை, வளர்ச்சி, துளிர், வசந்தம் என்று ஞாயிறு மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். இன்னசென்ட் சொன்ன காரணம் இதில் எதுவும் இல்லை. வெள்ளைக்கும் கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவே பச்சை இருக்கிறதாம். ஆகவே விசேஷமும் இல்லாத துக்கமும் இல்லாத நாளுக்குப் பச்சை. நடுவாந்திர நாளுக்கு நடுவாந்திர நிறம். துளிர் எல்லாம் பிற்பாடு முளைத்தது.

எங்கள் கோயிலில் இருந்த ஒரே பச்சை உடுப்பு முதலில் கிழிந்துபோனதும் இதனால்தான். விசேஷக் காலங்கள் போக மிச்சமான பொதுக்காலம் வருஷத்தில் 33 அல்லது 34 வாரம். மிச்ச உடுப்பெல்லாம் பெட்டியில் தூங்கும், பச்சை மட்டும் தினக்கூலி. கழுத்துப் பக்கம் வியர்வை பட்டு அந்த இடம் மட்டும் மஞ்சளாகிவிடும். அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கழுத்தைப் பிரித்து வேறு துண்டு வைப்பார். துண்டின் பச்சையும் உடுப்பின் பச்சையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

25 பிப்ரவரி

ஊதா என்று எழுதிக்கொண்டே போகிறேன். ஊதா என்றால் என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லையே!

எனக்குப் பன்னிரண்டு வயது. தவக்காலத்துக்குப் புது உடுப்பு தைக்க வேண்டும். “ஊதா சாட்டின் நாலரை மீட்டர் வாங்கிட்டு வா” என்று அப்பா ஜவுளிக்கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் வயதானவர். பேனா மை நிறத்தில் நல்ல நீலத் துணியை அளந்து வெட்டிக் கொடுத்தார். அவருக்கு ஊதா என்றால் நீலம்தான். எங்கள் அப்பாயிக்கும் அப்படியே. நீல மையை ஊதா மை என்றுதான் சொல்வாள். வெட்டின துணியைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த நாலரை மீட்டர் எங்கள் வீட்டில் மூன்று தலையணை உறையாகவும் என் தங்கைக்கு ஒரு பாவாடையாகவும் ஆனது. அதற்கப்புறம் வீட்டில் யாரும் ஊதா என்று சொல்வதில்லை. கத்தரிப்பூ. அப்பாவின் ஆர்டர் நோட்டில்கூட “க.பூ 1, பச்சை 2” என்றுதான் இருக்கும்.

சரி, பைபிளுக்கு வருகிறேன். பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த நிறத்துக்கு அருமையான சொல் இருக்கிறது: இரத்தாம்பரம். ஐசுவரியவான், லாசரு கதையில் ஐசுவரியவான் இரத்தாம்பரம் தரித்திருந்தான். பிலிப்பியில் லீதியாள் இரத்தாம்பரம் விற்றாள். ஆனால் போர்ச்சேவகர்கள் இயேசுவுக்குப் பரிகாசமாகப் போர்த்திய அங்கி? மத்தேயு, மாற்கு, யோவான் மூன்றிலும் தமிழில் “சிவப்பான” என்று இருக்கிறது. கிரேக்கத்தில் மத்தேயு மட்டும்தான் சிவப்பு என்கிறார், அதுவும் போர்வீரர் போர்வை. மாற்கும் யோவானும் எழுதியது லூக்காவின் ஐசுவரியவான் உடுத்திய அதே சொல். பணக்காரன் உடம்பில் இரத்தாம்பரமாக இருந்தது இயேசுவின் தோளில் வெறும் சிவப்பாகிவிட்டது. தவக்காலத்தில் ஊதா ஏன் என்பதற்குப் பல சாமியார்கள் சொல்லும் காரணமே இந்தப் பரிகாச அங்கிதான். பழைய மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அந்த விளக்கம் புரியவே புரியாது.

இத்தனைக்கும் அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய ரோம ஊதா, நம் கத்தரிப்பூ இல்லை. தீரு பட்டணத்துச் சாயத்தில் உசத்தி எது என்று பழைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்: உறைந்த இரத்தத்தின் நிறம், நேராகப் பார்த்தால் கருமை, சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். இரத்தாம்பரம் என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. மூல நிறத்துக்கு நம் ஊதாவைவிட அந்தச் சொல்தான் பக்கத்தில் இருக்கிறது.

சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது. 1909-இல் பிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்தது 1.4 கிராம். ஒரு சிட்டிகை. இப்படிப்பட்ட சாயத்தை எந்த ஊர்ப் பங்கு வாங்கும்? கோயில்கள் வைத்திருந்த ஊதாவெல்லாம் கற்பாசியிலும் வேறு மலிவுச் சாயங்களிலும் தோய்த்தவை. 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்ததோடு நத்தைச் சாயத் தொழிலும் படுத்தது. 1464-இல் இரண்டாம் பவுல் பாப்பரசர் கர்தினால்களுக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பைக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு “கர்தினால் சிவப்பு என்றால் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தத் தயார்” என்று விளக்கம். நத்தை கிடைக்காமல் பூச்சிக்குப் போனதை யாரும் சொல்வதில்லை.

1856-இல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய்க் கத்தரிப்பூச் சாயம் செய்துவிட்டான். அப்பா தைத்த சாட்டின் அத்தனையும் அந்தக் குடுவையின் வாரிசுகள்.

26 பிப்ரவரி

திருத்தம். நேற்று இரத்தாம்பரம் என்பதை இரத்தம் + அம்பரம் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டேன். வடமொழி படித்த நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகினார். ரக்த என்பதற்கு மூலப்பொருள் சாயம் ஏற்றியது என்பதாம். அப்புறம் சிவப்பு, அதற்கப்புறம்தான் உடம்பில் ஓடும் இரத்தம். ஆகவே வெறும் “சாயமிட்ட துணி”, “செந்துணி”. பிளினியோடு ஒத்துப்போனது தற்செயல். கும்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, இருக்கட்டும்.

10 மார்ச்

இன்று தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ரோஸ் நிறம் போடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறும் அப்படித்தான். வருஷத்தில் இரண்டே நாள். பாதி வழி வந்துவிட்டோம், கொஞ்சம் மூச்சு விடுங்கள் என்பதற்காக. ரோமில் இந்த ஞாயிறில் பாப்பரசர் தங்க ரோஜா ஒன்றை மந்திரித்து ராணிகளுக்கும் கோயில்களுக்கும் அனுப்பும் வழக்கம் இருந்ததால் நாளுக்கே ரோஜா ஞாயிறு என்று பெயர்.

எங்கள் பங்கில் ரோஸ் உடுப்பு கிடையாது. வருஷத்தில் இரண்டு நாளுக்கு யார் செலவு செய்வார்கள்? ஒரு வருஷம் அப்பாவே அக்காவின் நிச்சயதார்த்தப் புடவையில் மிஞ்சிய துணியில் ஒன்று தைத்துக் காணிக்கையாகக் கொடுத்தார். சக்ரீஸ்துவில், அதாவது பூசை உடுப்பு மாற்றும் அறையில், அதை விரித்து வைத்தேன். சாமி உள்ளே வந்தார், பார்த்தார். “என்னைப் பார்த்தா பொண்ணு மாதிரியாடா இருக்கு?” கத்தரிப்பூவைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“ரோஸ்” என்றால் “பிங்க்” இல்லை, பழைய ரோஜா இதழ் உலரும்போது வருமே, அந்த மங்கல் சிவப்பு என்று இப்போது வாதாடுகிறார்கள். அப்பா தைத்தது சந்தேகமே இல்லாமல் பிங்க். பஞ்சுமிட்டாய்.

18 மார்ச்

கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்திருக்கிறார். “சாயம் கிடைத்தது போட்டார்கள், அர்த்தம் பின்னால் ஒட்டினார்கள் என்கிறீர்கள். அப்படியானால் அர்த்தம் பொய்தானே?”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நினைவு சொல்கிறேன்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு முன் சுரூபங்களையெல்லாம் கத்தரிப்பூத் துணியால் மூடுவோம். இப்போது கட்டாயமில்லை, பல இடங்களில் விட்டுவிட்டார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயில்பிள்ளை ஏணி போடுவார், நான் துணியை மேலே எட்டிக் கொடுப்பேன். மாதா, சூசையப்பர், அந்தோணியார் எல்லாரும் ஒவ்வொருவராக மூட்டையாகிவிடுவார்கள். எந்த மூட்டை யார் என்று உயரத்தை வைத்துத்தான் தெரியும். அந்தோணியார் கையில் குழந்தை இருப்பதால் துணி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். மாலையில் தனியாக உள்ளே போக எனக்குப் பயம். விளக்கு வைக்கப் போனால் ஓடிப்போய் ஓடி வருவேன். தவம், ஒறுத்தல் எல்லாம் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் யாரோ கோபித்துக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டார்கள் என்பது தெரிந்தது. துணி அப்பா கடையில் வெட்டியது, ஓரம் அடித்தது அம்மா. விலைகூடத் தெரியும். ஆனாலும் பயம் பயம்தான்.

நாளைக்குச் சூசையப்பர் திருநாள், வெள்ளை. தவக்காலத்து நடுவில் திடீரென்று ஒரு நாள் வெள்ளை. சுரூபம் மூட்டைக்குள், திருநாள் வெளியே. சூசையப்பர் பாவம்.

29 மார்ச், பெரிய வெள்ளி

இன்று சிவப்பு. ஆனால் வயதானவர்களைக் கேளுங்கள், கருப்பு என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. பெரிய வெள்ளிக்கு நூற்றாண்டுக் கணக்கில் கருப்புத்தான். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் புனித வார முறைகளைத் திருத்தியபோதும் கருப்பு முழுசாகப் போகவில்லை, நன்மை (திருவிருந்து அப்பம்) கொடுக்கும் பகுதிக்கு மட்டும் ஊதாவுக்கு மாறச் சொன்னார். 1970-இல் வந்த புதுப் பூசைப் புத்தகம்தான் சிவப்பாக்கியது. குருத்து ஞாயிறும் அதே புத்தகத்தில் முழுச் சிவப்பானது.

துக்க நாள், இரத்தம் சிந்திய வேதசாட்சி நாள் ஆகிவிட்டது. நிறத்தை மாற்றினால் நாளே கொஞ்சம் மாறிவிடுகிறது. எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு. அன்றைக்குக் கோயில் மணியும் அடிக்காது, மரச் சட்டத்தைத் தட்டுவோம், பீடம் துணியில்லாமல் அம்மணமாக இருக்கும். அதன் நடுவில் நல்ல சிவப்புச் சாட்டினில் ஒருவர் நின்றால் கண் ஒப்பவில்லை. நண்பர் ஒருவர் நேர்மாறாகச் சொல்கிறார்: “அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அது வெறும் சாவு வீடு.”

எங்கள் சக்ரீஸ்து அலமாரியின் அடித்தட்டில் ஒரு கருப்பு உடுப்பு இருந்தது. வெள்ளிச் சரிகைச் சிலுவை வைத்தது, தாத்தா தைத்தது. பாச்சை உருண்டை வாசனை. தமிழ்நாட்டில் கருப்புக்கு வேறொரு முகவரி வந்துவிட்டதால், சாமி அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் கூட்டத்தில் பேச வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள் என்று அப்பா சிரிப்பார்.

31 மார்ச்

உயிர்ப்பு வாழ்த்துகள். வெள்ளை. கதை வேண்டாம், தூக்கம் வருகிறது.

8 ஏப்ரல்

வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25 அல்லவா, இன்று ஏன் வெள்ளை என்று கேட்டவருக்கு: இந்த வருஷம் மார்ச் 25 புனித வாரத்துக்குள் விழுந்தது. அதனால் தள்ளிவைத்தார்கள். மாதா திருநாளுக்கு நீலம் போடலாமா என்றால், ஸ்பெயினில் டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாளுக்கு மட்டும் ரோம் தனி அனுமதி கொடுத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரர்களும் போடுகிறார்கள். நமக்குக் கிடையாது. ஆனால் அப்பாவிடம் வழி இருந்தது: உடுப்பு வெள்ளை, நடுப்பட்டையும் ஓரமும் நீலம். ரொம்ப தூரத்திலிருந்து பார்த்தால் நீல உடுப்பு, விதிப்புத்தகத்தோடு பக்கத்தில் வந்தால் வெள்ளை உடுப்பு.

19 மே

தூய ஆவி திருநாள். நமக்குச் சிவப்பு, நெருப்பு நாக்கு. ரோமில் பாந்தியோன் கோயிலின் கூரைத் துளை வழியாக இன்று சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கோ இதே திருநாள் பச்சை. கோயிலுக்குள் பூர்ச்ச மரக் கிளைகளைக் கொண்டுவந்து நிறுத்தி, தரையில் புல் பரப்பி, சாமியார்களும் பச்சையில். உயிர் கொடுக்கும் ஆவிக்குப் பச்சையைவிடப் பொருத்தமாக வேறென்ன என்பார்கள். இங்கிலாந்தில் இந்த ஞாயிறின் பழைய பெயரிலேயே வெள்ளை இருக்கிறது, ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் வெள்ளை உடுத்தியதால்.

ஒரே ஆவி, மூன்று நிறம்.

இத்தாலிக்குள்ளேயே மிலானோ தனிக்கட்டை. நமக்கு இனிப் பொதுக்காலம், பச்சை. மிலானோவின் அம்புரோஸ் முறையில் அக்டோபர் வரைக்கும் சிவப்பு. பச்சை உடுப்பின் கழுத்து கிழியும் பிரச்சினை அங்கே சிவப்புக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

30 ஆகஸ்ட்

நேற்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். இங்கே ரோட்டில் ராத்திரி முழுக்க நடைப்பயணக் கூட்டம். எல்லார் உடம்பிலும் காவி.

இந்த இழையில் காவி வரவே இல்லையே என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி. ரோமின் பட்டியலில் காவி கிடையாது. செப்டம்பர் 8 பீடத்தில் வெள்ளை. ஆனால் நடந்து வருகிறவன் தன் உடம்பில் போடும் நிறத்துக்கு ரோமைக் கேட்கவில்லை. மாலை போட்டு, காவி கட்டி, விரதம் இருந்து நடக்கிறான். சபரிமலைக்கும் பழனிக்கும் போகும் பக்கத்து வீட்டுக்காரன் செய்வதைப் பார்த்து வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைச் சாமியாரும் கருப்பு அங்கியைக் கழற்றிப் போட்டுக் காவிதான் கட்டினார். அதற்காக அவர் சபைக்குள்ளேயே பட்ட பாடு தனிக் கதை. அவர் வழியில் வந்தவர்தான் 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ). அவர் இரத்தம் விழுந்துதான் அந்த மண் சிவந்தது என்று ஓரியூர் மண்ணை ஜனங்கள் எடுத்துப் போகிறார்கள். பிப்ரவரி 4-இல் அவருக்குப் பீடத்தில் சிவப்பு. உயிரோடு இருந்தபோது உடம்பில் காவி.

1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு ரோம் அனுமதித்த 12 அம்சங்களில் அங்கவஸ்திரமும் ஒன்று. சாமியார் கழுத்தில் போடும் நீளப் பட்டையான ஸ்டோலுக்குப் பதிலாகத் தோளில். ஆனால் பங்குகளில் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் மொத்தமே இரண்டு ஆர்டர் வந்தது. இரண்டும் ஒரே குருமடத்திலிருந்து.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

கல்லறைத் தோட்டத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். கையெல்லாம் மெழுகு.

வெள்ளை உடுத்தும் சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இந்த இழை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்: “எங்களுக்கு எல்லா ஞாயிறும் வெள்ளை, கல்யாணமும் வெள்ளை, சாவும் வெள்ளை. துணி மாற்றுகிற செலவு இல்லை. உங்களுக்கு என்னய்யா இவ்வளவு குழப்பம்?” நியாயம்தான்.

இன்று ஊதா போட்டார்கள். கருப்பும் போடலாம், வழக்கம் இருக்கும் இடத்தில். சில நாடுகளில் அடக்கப் பூசைக்கு வெள்ளையும் உண்டு, ஞானஸ்நானமும் உயிர்ப்பும் நினைவுக்கு வரட்டும் என்று. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்பாயியை நினைத்துக்கொள்கிறேன். தாத்தா போனது அவளுடைய முப்பத்தெட்டாம் வயதில். அதிலிருந்து நாற்பத்தாறு வருஷம் வெள்ளைச் சேலை. யாரும் கட்டச் சொல்லவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள், யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் செத்தபோது புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார், உயிர்ப்பின் நம்பிக்கை என்று அழகாகப் பேசி, வெள்ளை போடலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அதிகம் பேசாதவர். “அவ போட்டது போதும் சாமி” என்றார். கத்தரிப்பூதான் போட்டார்கள். பெட்டிக்குள் அம்மா தன் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து அவள் மேல் போர்த்தினாள். சொந்தக்காரர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள்.

பிப்ரவரியில் நான் “துளிர் எல்லாம் பிற்பாடு முளைத்தது” என்று கொஞ்சம் இளக்காரமாக எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அந்தத் தொனி வேண்டியதில்லை. ரோமில் ஒட்டியது ஒன்று, எங்கள் வீட்டில் ஒட்டியது இன்னொன்று.

27 டிசம்பர்

இன்றைக்கு என் அவமான நாள். ஒவ்வொரு வருஷமும் நினைவு வரும்.

பதின்மூன்று வயது. கிறிஸ்துமஸ் களைப்பில் கோயில்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார், உடுப்பு எடுத்து வைப்பது என் பொறுப்பு. முந்தின நாள் ஸ்தேவான், முதல் வேதசாட்சி, சிவப்பு. இன்று யோவான், அப்போஸ்தலர். அப்போஸ்தலர் என்றால் சிவப்புத்தானே, நேற்று வைத்ததே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாள்காட்டியைப் பார்க்கவில்லை. சாமி விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு பீடத்துக்கு வந்துவிட்டார். வாசகம் படிக்கும்போதுதான் குனிந்து தன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பூசை முடிந்து சக்ரீஸ்துவில் காது திருகல். “பன்னிரண்டு பேர்ல யூதாஸைத் தள்ளிட்டா, கொல்லப்படாம வயசாகிச் செத்தவர் இவர் ஒருத்தர்தான்டா. அவருக்கு எதுக்குடா இரத்தம்?” யோவானுக்கு வெள்ளை. இன்று வரை மறக்கவில்லை.

பல வருஷம் கழித்து எனக்குப் பதில் கிடைத்தது, ஆனால் சாமி உயிரோடு இல்லை. பாரம்பரியக் கதைப்படி ரோமில் யோவானைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டார்கள், ஒன்றும் ஆகாமல் வெளியே வந்தார். அதற்கென்று மே 6-இல் தனித் திருநாள் பழைய நாள்காட்டியில் இருந்தது, அதற்குச் சிவப்பு. ஆக யோவானுக்குச் சிவப்பு உண்டு சாமி, நான் நாலு மாசம் முன்னால் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

28 டிசம்பர்

இன்று ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள் திருநாள், சிவப்பு. முன்பு இதற்கு ஊதா போடுவார்கள். குழந்தைகள் வேதசாட்சிகள்தான், ஆனால் தாய்மார் அழுகிற நாளில் என்ன சிவப்பு என்று.

இன்னொரு திருத்தம். அம்மாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். நாற்பத்தாறு வருஷம் சரி என்றாள். நாலரை மீட்டர் சரி என்றாள். ரோஸ் உடுப்பு மட்டும் தப்பாம். அக்கா புடவையில் மிஞ்சியது இல்லையாம், நிச்சயத்துக்குப் பந்தலில் கட்டிய ஜோடனைத் துணியாம், வாடகைக்கு எடுத்தது, அப்பா திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாராம். “காணிக்கைன்னு வேற கொடுத்தாரு” என்றாள். பந்தல்காரருக்கு எவ்வளவு கொடுத்துச் சமாளித்தார்கள் என்று கேட்டேன். அதை எழுதாதே என்று சொல்லிவிட்டாள்.